மணிக்கு எவ்வளவு?

நான் ஓட்டிப் பழகிய விமானத்தில் மூன்று கடிகாரங்கள் இருந்தன. ஒன்று, மணி பார்க்கிற சாதாரணக் கடிகாரம். 1975-ல் விமானத்தோடு வந்தது. எந்தக் காலத்திலோ நாலே கால் மணிக்கு நின்றுபோனது. இரண்டாவது, என்ஜின் சுற்று வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டருக்குள் ஒரு சின்ன ஜன்னலில் ஓடும் எண்கள். மூன்றாவது, பேனலின் வலது கோடியில், பயணியின் முழங்காலுக்கு நேராக இருக்கும் ஹாப்ஸ் மீட்டர். பழைய ஆட்டோ மீட்டர் மாதிரி எண்கள் உருளும். என்ஜின் கிளம்பி எண்ணெய் அழுத்தம் ஏறியதும் ஓட ஆரம்பிக்கும். அணைக்கும்வரை நிற்காது. கடைசி இலக்கம் மணியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறு நிமிடம். அது ஒரு தடவை உருண்டால் என் கணக்கில் பதினாறரை டாலர் ஏறிவிடும்.

வானத்தில் என்ன பார்த்தாய் என்று நண்பர்கள் கேட்பார்கள். மலையைப் பார்த்தேன், ஏரியைப் பார்த்தேன், கடலைப் பார்த்தேன் என்று சொல்வேன். எல்லாம் உண்மைதான். ஆனால் முதல் ஆறு மாதம் நான் அதிகம் பார்த்தது அந்த மீட்டரைத்தான்.

2022 இலையுதிர் காலத்தில் ஆரம்பித்தேன். சான் ஹோசே நகரின் கிழக்கில் ரீட் ஹில்வியூ என்றொரு சின்ன விமான நிலையம். பக்கத்திலேயே ஒரு ஷாப்பிங் மால், சுற்றிலும் வீடுகள். அங்கே ஒரு கிளப்பில் உறுப்பினராகச் சேர்ந்தேன். செஸ்னா 172, நாலு பேர் உட்காரலாம், 150 குதிரைசக்தி. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தது. மணிக்கு 165 டாலர், பெட்ரோலும் அதிலேயே அடக்கம். பெட்ரோல் சேர்ந்த வாடகையை இங்கே 'ஈர' வாடகை என்பார்கள், சேராததை 'உலர்' வாடகை. சொல்லிக்கொடுக்கிறவருக்குத் தனியாக மணிக்கு 75. ஆக 240 டாலர். அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட இருபதாயிரம் ரூபாய்.

சட்டப்படி தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 20 மணி பயிற்சியாளரோடு, 10 மணி தனியாக. நானும் 40-ஐ 240-ஆல் பெருக்கி, 'பத்தாயிரத்துக்குள்ள முடிஞ்சிரும்' என்று ஒரு எக்செல் தாளில் எழுதிவைத்தேன். நாற்பதில் முடித்த ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. அறுபது, எழுபது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வேலைக்குப் போகிறவன் வாரம் ஒருமுறை பறந்தால், போன வாரம் கற்றதில் பாதி இந்த வாரம் மறந்திருக்கும். அதைத் திரும்பக் கற்பதற்கும் மீட்டர் ஓடும்.

அப்பாவிடம் நாலு மாதம் இதைச் சொல்லவில்லை. ஊரில் வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தது. மாதாமாதம் நான் அனுப்புகிற முப்பதாயிரம் ரூபாயில்தான் அதைக் கட்டினார்கள். அங்கே ஒரு மாதத் தவணையை இங்கே ஒன்றரை மணி நேரத்தில் கரைத்துவிட்டு, வீடியோ காலில் 'வேலை ஜாஸ்திப்பா' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் என் தங்கைதான் போட்டோவைப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொடுத்தாள்.

அப்பா கோபப்படவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி: "மணிக்கு எவ்வளவு?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "வண்டி யாரோடது? அவுகளே ஓட்டுறாகளா, வாடகைக்கு மட்டும் விட்டுருக்காகளா?"

எத்தனையோ பேர் என்னிடம் விலையைக் கேட்டிருக்கிறார்கள். வண்டிக்காரர் யார் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். காரணம் இருக்கிறது. கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர் பதினெட்டு வருஷம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார்.

*

என் வயதுக்காரர்கள் பலர் சைக்கிள் பழகியது வாடகை வண்டியில்தான். பெரியவர்களுக்கு முழு வண்டி, எங்களுக்கு அரை வண்டி. அது கிடைக்காவிட்டால் பெரிய வண்டியில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கடையில் மணிக்கு ஒன்றரை ரூபாய், அரை மணிக்கு எண்பது பைசா. மட்கார்டில் மஞ்சள் பெயிண்டில் எண் எழுதியிருக்கும். வண்டி எண்ணும் எடுத்த நேரமும் ஒரு நீள நோட்டில் பதிவாகும். சுவர்க் கடிகாரம் கடைக்கு உள்ளே இருந்தாலும் தெருவிலிருந்தே தெரியும்படி மாட்டியிருந்தார். நேரத்தில் சண்டை வரக்கூடாது என்பதற்காக.

ஒரு மணிக்கு வாங்கிய வண்டியை ஐம்பத்தைந்தாவது நிமிடம் கொண்டுவருகிறவன் எப்படி வருவான் என்று எனக்குத் தெரியும். மூச்சிரைக்க, சட்டையெல்லாம் நனைந்து, பெட்டிக்கடை முக்கில் பிரேக் பிடிக்காமல் வளைந்து வருவான். அஞ்சு நிமிஷம் தாண்டினால் அடுத்த அரை மணிக்குக் காசு. கிழவிகளை இடித்தவர்கள், சாக்கடையில் விழுந்தவர்கள் எல்லாம் போகும்போது விழவில்லை. கடைக்குத் திரும்பும் அந்தக் கடைசி நிமிடங்களில்தான் விழுந்தார்கள்.

வண்டி திரும்பி வந்ததும் அப்பா முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிவிடுவார். கம்பி ஆடுகிறதா, கோட்டம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிரேக்கை அமுக்கிப் பார்ப்பார். பிறகுதான் காசு வாங்குவார். கூட்டமாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் அப்படித்தான். "அடுத்து எடுக்கிறவன் யாருன்னு நமக்குத் தெரியாதுல்லா" என்பார்.

*

இருபதாயிரம் ரூபாய் எங்கே போகிறது என்று நான் புரிந்துகொண்டது கிளப்பின் மெக்கானிக் கொட்டகையில்.

முதலில், விமானம் ஏன் இவ்வளவு கிழடு? எழுபதுகளில் செஸ்னா இந்த 172-ஐ வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் செய்து தள்ளியது. இன்றுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். வேறெந்த விமானமும் இத்தனை செய்யப்பட்டதில்லை. எண்பதுகளில் சந்தை சரிந்தது. விபத்து வழக்குகளின் செலவும் சேர்ந்துகொண்டது. முப்பது வருஷம் முன்னால் விற்ற விமானம் விழுந்தாலும் செய்த கம்பெனிமேல் வழக்குப் போடலாம் என்ற நிலை. 1986-ல் செஸ்னா பிஸ்டன் என்ஜின் விமானங்கள் செய்வதையே நிறுத்தியது. பதினெட்டு வருஷத்துக்கு மேல் பழசான சிறு விமானத்துக்குப் பெரும்பாலும் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று 1994-ல் அமெரிக்காவில் சட்டம் வந்த பிறகுதான் திரும்ப ஆரம்பித்தார்கள். இன்றைக்குப் புது 172 நாலு லட்சம் டாலருக்கு மேல். அதை வாங்கி வாடகைக்கு விட்டால் என்னைப் போன்றவர்கள் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. அதனால் எழுபதுகளில் பிறந்த விமானங்களைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பூட்டி ஓட்டுகிறார்கள். கற்றுக்கொள்கிறவர்கள் அதிகம் பறப்பது அவற்றில்தான்.

மெக்கானிக் வியட்நாமிலிருந்து வந்த பெரியவர். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் மழை, பறக்க முடியவில்லை. கொட்டகையில் ஒதுங்கி நின்றபோது என் விமானத்தின் என்ஜின் மூடி திறந்திருந்தது. சுவர்ப் பலகையில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு எண் எழுதியிருந்தார்கள். என்னுடையதற்கு 1,640. என்ன அது என்று கேட்டேன். "ஓவர்ஹால்" என்றார். கடைசியாக முழுசாகப் பிரித்துப் பூட்டியதிலிருந்து எத்தனை மணி ஓடியிருக்கிறது என்ற கணக்கு. தயாரிப்பாளர் சொல்லும் கெடு 2,000 மணி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓவராயில்! எங்கள் கடைப் பலகையில் அப்பா கைப்பட எழுதியிருந்த சொல் அது: 'இங்கு ஓவராயில் செய்து தரப்படும்.' வண்டியை மொத்தமாகப் பிரித்து, பால்ஸை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்துப் பூட்டுவது. எண்ணெய் நிறையப் போடுவதால் அந்தப் பேர் என்றே பத்தாவது படிக்கும்வரை நினைத்திருந்தேன்.

அந்த மழைநாளில் பெரியவர் எனக்குச் சொன்ன கணக்கு ஏறக்குறைய இப்படி. மணிக்கு எட்டு காலன் பெட்ரோல், அதுவே ஐம்பது டாலரைத் தாண்டும். 2,000 மணியில் செய்ய வேண்டிய ஓவராயிலுக்கு இப்போதிருந்தே மணிக்கு இருபது டாலர் எடுத்துவைக்க வேண்டும். பயிற்சிக்கு விடும் விமானத்தை நூறு மணிக்கு ஒருமுறை திறந்து சோதிக்க வேண்டும் என்பது சட்டம், வருஷாந்திரச் சோதனை தனி. ஐம்பது மணிக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றம். டயர்கள், பிரேக் பட்டைகள். மாணவர்கள் ஓட்டுவதால் இவை சீக்கிரம் தேயும். காப்பீடு. நிறுத்திவைக்கும் இடத்துக்கு மாத வாடகை. கிளப்பின் பங்கு. எல்லாம் போக உரிமையாளருக்கு நிற்பது சொற்பம். எங்கள் விமானத்தின் உரிமையாளர் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை. தானும் பறக்க வேண்டும், தனியாக வைத்துக் கட்டுப்படியாகவில்லை, அதனால் கிளப்பிடம் விட்டிருக்கிறார். மழை மாதங்களில் கையிலிருந்து போடுகிறார்.

இதை அப்பாவிடம் வரிவரியாகச் சொன்னேன். அவர் நடுவில் நிறுத்தி, "தேய்மானத்த மொதல்லயே எடுத்து வைக்காகளா?" என்றார். "ஆமாப்பா, மணிக்கு இருவது டாலர்." "நான் வைக்கல பாத்துக்கோ. அதான் கடைசியில ஒண்ணுமில்லாமப் போச்சு." டிவிஎஸ் 50 வந்தது, பள்ளிக்கூடத்தில் இலவச சைக்கிள் வந்தது, அதனால் கடை போனது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் கணக்கு வேறாக இருந்தது.

*

வாடகையில் சேராத செலவுகளும் உண்டு. நான் எச்-1பி விசாவில் இருப்பவன். வெளிநாட்டவர் விமானம் ஓட்டப் பழகுவதற்கு முன்னால், 2001 செப்டம்பருக்குப் பின் வந்த விதிப்படி, போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பிடம் கைரேகை கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அப்போது 130 டாலர். அந்த ஒப்புதல் மின்னஞ்சல் வரும்வரை மூன்று வாரம் விமானத்தைக் கழுவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு செலவை அக்கம்பக்கத்தார் கொடுத்தார்கள். சிறு விமானங்களின் பெட்ரோலில் இன்றும் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கிறது. கார்களுக்கு இந்தியாவிலேயே 2000-த்தோடு முடிந்துபோன சங்கதி. ரீட் ஹில்வியூவைச் சுற்றி வாழும் குழந்தைகளின் ரத்தத்தை ஆராய்ந்து, நிலையத்துக்கு அருகிலிருப்பவர்களிடம் ஈயம் கூடுதலாக இருக்கிறது என்று மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்த ஆய்வு 2021-ல் சொன்னது. 2022 ஜனவரி முதல் அங்கே ஈயப் பெட்ரோல் விற்பதையே நிறுத்தினார்கள். நான் சேர்ந்தபோது எங்கள் விமானம் ஈயமில்லாத பெட்ரோலில் ஓடியது. அதன் பழைய, குறைந்த அழுத்த என்ஜினுக்கு அது போதும். ஆனால் வேறு நிலையங்களில் இறங்கி நிரப்பியபோது நானும் ஈயப் பெட்ரோலைத்தான் நிரப்பினேன். அந்தச் செலவு எந்த மீட்டரிலும் ஏறவில்லை.

என் பயிற்சியாளனுக்கு இருபத்து மூன்று வயது. நான் கொடுக்கும் 75 டாலரில் அவன் கைக்கு வருவது பாதிக்குக் கொஞ்சம் மேல். மழை பெய்தால் அதுவும் இல்லை. 2009-ல் பஃபலோ அருகே ஒரு பயணிகள் விமானம் விழுந்து ஐம்பது பேர் இறந்த பிறகு, விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி வேண்டும் என்று விதி மாறியது. அவனிடம் 600 இருந்தது. வாடகை கொடுத்து மீதியைச் சேர்க்க அவன் வீட்டில் பணமில்லை. அதனால் சொல்லிக்கொடுக்கிறான். நான் காசு கொடுத்து மணியைக் குறைக்கப் பார்க்கிறேன், அவனுக்கு மணி கூடினால்தான் வாழ்க்கை. இருந்தும் அவன் ஒருநாள்கூட என்னை இழுத்தடித்ததில்லை. என்னிடம் அவன் அதிகம் சொன்ன வாக்கியம், 'மீட்டரைப் பார்க்காதே, வெளியே பார்.'

எப்படிப் பார்க்காமல் இருப்பது? நான் சிக்கனத்தில் பட்டம் வாங்கியவன். என்ஜினைக் கிளப்புவதற்கு முன்பே ஹெட்செட் மாட்டி, வரைபடம் விரித்து, ரேடியோ அலைவரிசைகளைக் கையில் எழுதிவைத்துக்கொள்வேன். அதுவரை நல்ல பழக்கம். பிறகு ஓடுபாதைக்குப் போகும் வழியிலேயே சரிபார்ப்புப் பட்டியலில் பாதியை முடிக்கப் பழகினேன். என்ஜின் சோதனையில் எண்ணெய்ச் சூட்டுக்காகக் காத்திருக்காமல் கிளம்பப் பார்த்தேன். பக்கத்து கிளப் ஒன்றில் ஹாப்ஸ் மீட்டருக்குப் பதில் டேக்கோமீட்டர் எண்ணை வைத்து வாடகை. அது என்ஜின் சுற்றுகளை எண்ணுவது. தரையில் மெதுவாகச் சுற்றும்போது பாதி வேகத்தில்கூட நகராது. அங்கே மணி வாடகை கூடுதல், ஆனால் தரையில் நிதானமாக இருந்தால் பெரிதாக நஷ்டமில்லை. எங்கள் மீட்டருக்கு நிதானமும் பறத்தலும் ஒரே விலை. அவசரப்பட்டால் பணம் மிச்சம் என்று அது ஒவ்வொரு ஆறு நிமிடமும் சொல்லிக்கொண்டே இருக்கும்.

*

2023 மே மாதம், ஒரு சனிக்கிழமை. எனக்கு 41 மணி ஆகியிருந்தது. தனியாகப் பறக்க அனுமதி கிடைத்து மூன்று வாரம். தெற்கே சான் மார்ட்டின் வரை போய் மூன்று தடவை இறங்கி ஏறிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். மூன்றும் நன்றாக அமைந்தன. ஆண்டர்சன் நீர்த்தேக்கம் வெயிலில் தகரம் மாதிரி மின்னியது. பாட்டுகூடப் பாடினேன்.

ரீட் ஹில்வியூவில் இறங்கும்போது உயரம் கொஞ்சம் அதிகம், வேகமும் அதிகம். எழுபது மைல் இருக்க வேண்டிய இடத்தில் எண்பதைத் தாண்டியிருந்தது. இந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்று நூறு தடவை கற்றிருந்தேன். முழு விசை கொடு, இறங்குவதை விடு, மேலேறு, சுற்றி வா. கோ-அரவுண்ட். ஒரு சுற்றுக்கு ஆறு நிமிடம். வலது கோடியில் மீட்டரின் கடைசி இலக்கம் உருளத் தொடங்கியிருந்தது. அடுத்த ஆறு நிமிடமும் சேர்ந்தால் அந்த மாதத்துக்கு நான் போட்டிருந்த வரம்பைத் தாண்டிவிடும். 'இறக்கிரலாம்' என்று தோன்றியது.

சக்கரம் தரையைத் தொட்டது, விமானம் எகிறியது. அப்போதாவது விசையைக் கொடுத்திருக்க வேண்டும். நான் கைப்பிடியை முன்னால் தள்ளினேன். மூக்குச் சக்கரம் முதலில் விழுந்தது. அந்தச் சத்தம் காதில் கேட்டதைவிடப் பல்லில்தான் அதிகம் தெரிந்தது. இன்னொரு சின்னக் குதி. பிறகு ஓடி நின்றது. கோபுரத்திலிருந்து, எல்லாம் சரியா என்று கேட்டார்கள். சரி என்றேன்.

நிறுத்தும் இடத்துக்கு வந்து அணைத்தேன். மீட்டர் ஒரு மணியும் புள்ளி ஆறும் காட்டியது. இறங்கி ஒரு சுற்று வந்தேன். டயரில் காற்று இருந்தது. விசிறி நுனியில் கீறல் இல்லை. மூக்குச் சக்கரத்தின் தூண் நேராகத்தான் நின்றது. ஒன்றுமே தெரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன், யாருமில்லை. அடுத்த பதிவு இரண்டு மணிக்கு, ஒரு நர்ஸ். பெஞ்சில் இரண்டொரு தடவை பேசியிருக்கிறோம். இரவு ஷிஃப்ட்டில் கூடுதல் நேரம் பார்த்து அந்தக் காசில் பறக்கிறார். மணி ஒன்றரை.

அங்கே நின்றபோது எனக்கு ஏழாம் நம்பர் வண்டி ஞாபகம் வந்தது.

பச்சை நிற அரை வண்டி. எனக்கு ஒன்பது வயது. கடைக்காரர் மகன் என்பதால் காசு கிடையாது, நோட்டில் எழுதுவதும் கிடையாது. மத்தியானம் அப்பா சாப்பிடப் போன நேரத்தில் எடுத்துப்போய், வாய்க்கால் பாலத்துக் கட்டையில் நேராக மோதினேன். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. வண்டியின் ஃபோர்க்கில், வெல்டிங் ஓரத்தில், தலைமயிர் மாதிரி ஒரு கோடு. பெயிண்ட் உரிந்ததாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். நோட்டில் எழுதாத வண்டி என்பதால் அப்பா அதன் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை. சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகும் ஒரு அம்மாவின் பையன் அதை எடுத்துக்கொண்டு கதிரேசன் கோவில் ரோட்டு இறக்கத்தில் போனான். ஃபோர்க் முறிந்தது. முன்பல் இரண்டு போனது, மோவாயில் தையல். அப்பா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார், செலவையும் அவரே பார்த்தார். ஆனால் 'நீ எங்கயோ கொண்டுபோயி இடிச்சிருக்கலே' என்று அவனிடம்தான் சொன்னார். அதற்குப் பிறகு அவனுக்கு வண்டி கொடுக்கவில்லை. அவன் இல்லை இல்லை என்று அழுதான். நான் கடைக்குள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் கொட்டகைக்கு நடந்தேன். அறுபதடி தூரம் இருக்கும். வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. விமானச் சேதத்துக்கான காப்பீட்டை நான் எடுத்திருக்கவில்லை. பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான குறைந்தபட்சக் காப்பீடு மட்டும்தான். அதுவும் சிக்கனம். இந்த விமானத்தில் மூக்குச் சக்கரத்தின் தூண் மாட்டியிருப்பது என்ஜினுக்கும் விமானிக்கும் நடுவே இருக்கும் தகட்டுச் சுவரில். பலமாக விழுந்தால் வெளியே எதுவும் தெரியாமல் உள்ளே அந்தத் தகடு சுருங்கிவிடும். அப்படியானால் என்ஜினை இறக்கி வேலை பார்க்க வேண்டும். பல ஆயிரம் டாலர். என் உரிமக் கனவு அங்கேயே முடிந்துவிடும். வீட்டுத் தவணை என்னாகும் என்பது அடுத்த கேள்வி.

பெரியவரிடம் சொன்னேன். எவ்வளவு வேகம், எத்தனை குதி, எந்தச் சக்கரம் முதலில் விழுந்தது என்று மட்டும் கேட்டார். ஒரு சிவப்பு அட்டையை எடுத்துப்போய் விமானத்தின் கைப்பிடியில் மாட்டினார்.

இரண்டு மணிக்கு நர்ஸ் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் திட்டவில்லை, நன்றியும் சொல்லவில்லை. ஹெட்செட் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த காலி நேரம் எப்போது என்று போனில் தேட ஆரம்பித்தார். இரண்டு வாரம் கழித்துத்தான் இருந்தது. மாணவர்கள் நிறைய, விமானம் குறைவு.

மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, சின்னக் கண்ணாடியை விட்டு ஒவ்வொரு ரிவெட்டாகப் பார்க்க மறுநாள் காலைவரை ஆனது. தகடு சுருங்கவில்லை. மூக்குச் சக்கரம் நடுங்காமல் பிடிக்கும் டாம்பரில் மட்டும் எண்ணெய் கசிந்தது. அதன் சீல் மாற்ற வேண்டியிருந்தது. அப்படியே விட்டிருந்தால் யாரும் செத்திருக்க மாட்டார்கள். அடுத்து இறங்குகிறவருக்குச் சக்கரம் கிடுகிடுவென்று ஆடியிருக்கும், அவ்வளவுதான். நர்ஸ் அன்றுதான் முதல்முறையாகத் தனியாகப் பறப்பதாக இருந்தார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

வேலைக் கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 340 டாலர். பதினாறரையை மிச்சம்பிடிக்கப் போய் வந்தது. பயிற்சியாளன் என்னைத் திட்டவில்லை. அடுத்த வகுப்பு முழுவதும் கோ-அரவுண்ட் மட்டும் செய்யவைத்தான். எட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் ஓடுபாதை கண்ணெதிரே வந்து, இறங்கிவிடலாம் போலிருக்கும்போது விசையைக் கொடுத்து மேலே போவது. முடிந்ததும் மீட்டர் மேல் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளை ஒட்டினான். அது கடைசிவரை அங்கேயே இருந்தது. ஒவ்வொரு தடவை பறந்து முடித்தும் அணைத்த பிறகுதான் தூக்கிப் பார்ப்பேன்.

*

நவம்பரில் தேர்வில் தேறினேன். மொத்தம் 68.4 மணி. விமான வாடகை 11,286 டாலர். பயிற்சியாளருக்கு 5,100. எழுத்துத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, பழைய ஹெட்செட், கிளப் சந்தா, தேர்வாளர் கட்டணம் எல்லாம் சேர்த்து இன்னொரு 2,800. ரூபாயில் பதினைந்தரை லட்சத்துக்கு மேல். இந்தத் தொகைக்கு நியாயம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இதை வைத்து நான் சம்பாதிக்கப் போவதில்லை. கோவில்பட்டியில் இந்தக் காசுக்கு என்னென்ன வாங்கலாம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தவணை ஒன்றுகூடத் தவறவில்லை, காரை விற்றேன், அறையைப் பங்கிட்டேன் என்பதை மட்டும் சொல்லலாம்.

மே மாதம் நடந்ததை அப்பாவிடம் சொல்ல அதுவரை தைரியம் வரவில்லை. தேறிய அன்று சொன்னேன். கேட்டுவிட்டு, "அவுககிட்ட நீயே போய்ச் சொன்னியா, இல்ல அவுகளாக் கண்டுபிடிச்சாகளா?" என்றார்.

"நானேதான் சொன்னேன்."

"ம்."

அதோடு விடாமல் ஏழாம் நம்பர் வண்டியையும் சொன்னேன். பாலத்துக் கட்டை, மயிர்க்கோடு, உள்ளே உட்கார்ந்து கேட்டது, எல்லாம். இருபத்தேழு வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"பச்சை வண்டியா?" என்றார். "ஏழு செவப்புல்லா? எனக்கு ஞாபகம் இல்லய்யா. எத்தன வண்டி, எத்தன ஃபோர்க்கு."

"அந்தப் பையனுக்குப் பல்லு போச்சே ப்பா."

"அது ஞாபகம் இருக்கு. அவுக அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல..." நிறுத்தினார். "அவனுக்கு அப்புறம் வண்டி குடுக்கலையோ நான்?"

"குடுக்கல."

ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அவன் இப்போது எட்டயபுரம் ரோட்டில் டயர் கடை வைத்திருப்பதாகவும், நாளைக் காலை அந்தப் பக்கம் போக வேண்டிய வேலை இருப்பதாகவும் சொன்னார். எனக்குத் தெரிந்து அந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது.

வைப்பதற்கு முன்னால், "அந்த மெக்கானிக்கு மணிக்கு எவ்வளவு வாங்குதாரு?" என்று கேட்டார்.

"125 டாலர் ப்பா."

இந்தத் தடவை அவர் ரூபாயில் எவ்வளவு என்று கேட்கவில்லை.

"குடுக்கலாம்" என்றார்.